கோணல் வகிடு

விஞ்ஞானக் கதை எழுதுகிறவளுக்கு எதிரி வேற்றுக்கிரகவாசி இல்லை, வாசகர்தான். என் வாரத் தொடருக்கு அப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். பத்திரிகை கடைக்கு வந்த அன்றே படித்துவிட்டு, மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போன் போட்டு, என் கதையில் எங்கே ஓட்டை என்று சொல்லிவிடுவார். பேன் பார்க்கிற மாதிரி வரி வரியாகப் பார்ப்பார். ஒன்றும் அகப்படாத வாரத்தில் ஒற்றெழுத்து விட்டுப்போனதைச் சொல்லியாவது மனசை ஆற்றிக்கொள்வார்.

அவருக்குப் பயந்துதான் இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்திலேயே விதியைப் போட்டுவிட்டேன். கதை இதுதான். வருங்காலத்து மனிதர்கள் கடந்த காலத்துக்குச் சுற்றுலா போகிறார்கள். அரண்மனையும் கோட்டையும் பார்க்க அல்ல. மனிதர்களை மனிதர்கள் அடைத்துவைத்து, அடித்து, காணாமல் ஆக்கிய வருஷங்களுக்குப் போகிறார்கள். ஓரமாக நின்று பார்க்கிறார்கள். திரும்பி வந்து சாப்பிட உட்காருகிறார்கள். அவர்களுக்குப் பெயர் பார்வையாளர்கள். பார்வையாளர் எதையும் தொட முடியாது, பேசினால் யாருக்கும் கேட்காது என்பது விதி. தொட்டால் நடந்தது மாறும், மாறினால் சிக்கல் மேல் சிக்கல் வரும், வாத்தியாருக்கு வாரம் முழுக்க வேலை கிடைக்கும். அதனால் கதவை இழுத்துப் பூட்டிவிட்ட நிம்மதியில் இருந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட இருட்டு எங்கள் ஊருடையதுதான். அந்த வருஷங்களுக்கு இங்கே பெயர் கிடையாது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி வரும், அவ்வளவுதான். பெரியவர்கள் 'அப்போ' என்பார்கள், குரல் இறங்கும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அப்போது என் அம்மாவையும் அவள் தங்கையான சித்தியையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கைக்குழந்தையான நான் அந்த நேரம் பக்கத்து வீட்டுத் தையற்காரர் மனைவியின் மடியில் இருந்ததால் தப்பித்தேன். சித்தி திரும்பி வந்தாள். அம்மா வரவில்லை. அம்மாவின் படம்கூட ஒன்று கிடையாது. வீட்டைச் சோதனை போட்டவர்கள் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் இரக்கப்படுவார்கள், எனக்குக் கோபம் வரும்.

சித்தி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து என்னை வளர்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காதோரம் நரைத்துவிட்ட என்னை இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், பத்திரிகை ஆசிரியர் எதிரிலும்கூட. நல்ல மனுஷி, நல்ல வாய்த்துடுக்கு. அப்போது நடந்ததைப் பற்றி மட்டும் பிடி கொடுக்க மாட்டாள்.

அவளிடம் சில பிடிவாதங்கள் உண்டு. பச்சைக் கட்டம் போட்ட துணி வீட்டுக்குள் வரக்கூடாது. பள்ளியில் பரிசாகக் கிடைத்த ஒரு பச்சைக் கட்டத் துண்டைத் தரை துடைக்கப் போட்டுவிட்டாள். என் தலையை நேர் வகிடு எடுத்துத்தான் வாருவாள். என் நெற்றியில் இருக்கும் முடிச்சுழி விடாது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் வகிடு கோணிக்கொள்ளும். எண்ணெய் வைத்துப் பார்த்தாள், கொண்டை ஊசி குத்திப் பார்த்தாள், ஒரு தடவை ஆத்திரத்தில் மொட்டையே அடித்துப் பார்த்தாள். என் கண்ணில் கோளாறு இருப்பது எனக்கே தெரியாத வயதில் கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். "எப்படியாச்சும் கண்ணாடி இல்லாம பண்ணிடுங்க" என்று அவரிடம் கெஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது. கண்ணாடி வந்தேவிட்டது. அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு, பார்த்தவர்கள் என் பார்வையே போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள்.

போன வாரம் ஆசிரியர் கூப்பிட்டார். எதைக் கொடுத்தாலும் நாலு பத்தியை வெட்டிவிடுகிறவர் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், நான் முகத்துக்கு நேரே சொல்வேன்.

"மேடம், உங்க ஆளுங்க இத்தனை வாரமா முகாம் வாசல்லயே நிக்கிறாங்க. ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. இந்த வாரம் உள்ள போயே ஆகணும்."

"போறேன் கத்தரி. அவசரப்படுத்தாதீங்க."

"வாத்தியார் வேற போன் பண்ணினார். உங்க பார்வையாளர்களை அங்க அடைபட்டிருக்கிறவங்க பாக்க முடியுமா, முடியாதான்னு கேக்குறார்."

"முடியாதுன்னு முதல் வாரமே எழுதிட்டேனே."

"இல்லையாம். தொட முடியாது, குரல் கேக்காது, இவ்வளவுதான் போட்டிருக்கீங்களாம். பாக்க முடியாதுன்னு எங்கயும் இல்லையாம்."

எடுத்துப் பார்த்தேன். மனுஷர் சொன்னது சரி. காதையும் கையையும் கட்டிய நான் கண்ணை விட்டுவிட்டிருந்தேன். வாசகர் பிடித்த ஓட்டையை விட எரிச்சலானது உலகத்தில் கிடையாது. இந்த வார அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்து அடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலை முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு அறையைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அந்த அறைக்கோ, அது போன்ற ஒன்றுக்கோ நேரில் போவேன். வீட்டுக்கு வந்து மேசை முன் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். மனசுக்குள் அந்த அறையின் மூலையில் போய் நிற்பேன். சுவரைப் பார்த்தபடிதான் நிற்பேன். சத்தமும் வாசனையும் வந்து சேர்ந்த பிறகு மெல்லத் திரும்பிப் பார்ப்பேன். அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களைத்தான் எழுதுவேன். அப்போது கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. சித்தி பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் டீ ஆடை கட்டிக் கிடக்கும்.

எங்கள் ஊரில் பெண்களை அடைத்துவைத்த இடம் நகராட்சி நீச்சல் குளம். இப்போது அது மறுபடியும் நீச்சல் குளம்தான். பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போடுகிறார்கள். சித்தி என்னை நீச்சல் கற்றுக்கொள்ள விட்டதில்லை, நானும் அந்தத் தெருப் பக்கம் போனதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். போகும்போது புதிதாக வாங்கிய பச்சைக் கட்டக் குர்தாவைப் போட்டுக்கொண்டேன். இந்த வயதில் நான் என்ன உடுத்தலாம் என்று இன்னொருவர் சொல்வதா என்ற வீம்பில் வாங்கியது அது.

பெண்கள் உடை மாற்றும் அறை நீளமாக, தாழ்ந்த கூரையோடு இருந்தது. சுவரில் பாதி உயரத்துக்கு வெளிர்நீல ஓடு. அதற்கு மேல் வரிசையாக இரும்புக் கொக்கிகள். தரையின் நடுவில் தண்ணீர் இறங்கும் சல்லடை. பிளீச்சிங் பவுடர் நெடி. மூலையில் ஒரு ஓடு மட்டும் பெயர்ந்திருந்தது, அந்த இடத்தில் சிமெண்டு தெரிந்தது. நான் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஈரக்காலோடு ஓடிவந்த ஒரு சிறுமி என்மேல் மோதினாள். கண்ணாடி கீழே விழுந்து இடது காம்பு ஒடிந்தது. குளத்துக் காவல்காரம்மா முதலுதவிப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரி எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள்.

"நாளைக்கு வரைக்கும் தாங்கும்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது சித்தி கட்டிலில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சலவைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றும் கை ஓயாதவள். மூலை பிசகாமல் மடிப்பாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். குர்தாவுக்காகத் திட்டு விழும் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"இன்னைக்கா?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி இல்லை.

"என்ன இன்னைக்கு?"

"எங்க போயிட்டு வர்ற?"

"குளத்துக்கு."

"கண்ணாடி அந்த ரூம்லதான் உடைஞ்சுதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உக்காரு பாப்பா. நாற்காலியில உக்காராத, இங்க என் பக்கத்துல உக்காரு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கண்ணை மூடாத."

உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க எங்களுக்கு அடியை விடப் பெரிய கஷ்டம் ஒண்ணு இருந்துச்சு. பிள்ளைங்க என்ன ஆனாங்கன்னு யாருக்கும் தெரியாது. காவலுக்கு நின்ன ஒருத்தன், பிள்ளைங்களையும் தூக்கியாச்சுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அதோட அக்கா சாப்பாட்டை நிறுத்திட்டா. தண்ணி குடுத்தாலும் வேணாம்டின்னுடுவா. ஒருநாள் மத்தியானம் நான் அவ தலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மூலையில ஒரு பொம்பளை நிக்கிறா. சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. கதவு திறக்கவே இல்லை. எங்க எல்லார் துணியும் அழுக்கேறி ஒரே நிறமா இருக்கு. அவ மட்டும் பச்சைக் கட்டம்."

நான் என் குர்தாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அப்புறம் திரும்பினா. கண்ணாடி போட்டிருந்தா. இடது காதுகிட்ட வெள்ளையா பிளாஸ்திரி. வாய் அசையுது, சத்தம் வரல. சுவத்துக் கொக்கியைப் பிடிக்கப் பாத்தா, கை அதுக்குள்ள புகுந்து வெளிய வந்துச்சு. நான் பயந்து செத்தேன். அக்கா பயப்படல. எந்திரிச்சு உக்காந்தா. 'நெத்திச் சுழியைப் பாருடி, என் பிள்ளை'ன்னா."

"சித்தி..."

"குறுக்க பேசாத. அப்புறம் உத்துப் பாத்தா. 'கோணல் வகிடு எடுத்திருக்கா. எனக்கு நேர் வகிடுதான எடுக்கத் தெரியும், கோணல் வகிடு உன் கைதான். நீதான்டி வளத்திருக்க'ன்னா. நான் அப்போ கோணல் வகிடுதான் எடுப்பேன், அந்த வயசு ஸ்டைல். அவ அதை வச்சுக் கணக்குப் போட்டுட்டா. பிள்ளை உயிரோட இருக்கு, வளத்தது தங்கச்சி, அப்போ தான் இருக்கப்போறதில்லைன்னு. அன்னைக்குக் கஞ்சியை வாங்கி முழுசா குடிச்சா."

சித்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மறுநாள் பெரிய அதிகாரி வந்தான். 'அரசாங்கத்தை எதிர்த்து நோட்டீஸ் ஒட்டினது அக்கா தங்கச்சி ரெண்டு பேர்ல ஒருத்தி. யாரு?'ன்னான். ஒட்டினது நான், பாப்பா. அவளுக்குப் பசையை எந்தப் பக்கம் தடவுறதுன்னுகூடத் தெரியாது. நான் எந்திரிக்கப் போனேன். தோளைப் பிடிச்சு அழுத்தி உக்கார வச்சுட்டு அவ எந்திரிச்சு நின்னா."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். உலகம் தன் பாட்டுக்கு இருந்தது.

"வெளிய வந்து உன்னைத் தூக்கின அன்னைக்கே முடிவு பண்ணினேன். பச்சைக் கட்டம் கூடாது, கண்ணாடி கூடாது, கோணல் வகிடு கூடாது. அந்தப் பொம்பளையா நீ ஆகவே கூடாது. ஆனா நீ வளர வளர அந்த முகம் வந்துச்சு. அந்த வகிடு என் கையே இல்லை, பாப்பா. உன் சுழி. அக்கா தப்பா புரிஞ்சுக்கிட்டுச் செத்துப்போனா."

"நடந்தது நடந்துபோச்சு சித்தி. இப்போ என்ன செய்ய முடியும்?"

"எனக்கு நடந்துச்சு. உனக்கு இன்னும் நடக்கலையே. நீ எழுத உக்காந்து கண்ணை மூடினாத்தான அங்க வருவ? வராத. நீ வரலைன்னா பிள்ளை என்ன ஆச்சுன்னு தெரியாம அவ எந்திரிச்சிருக்க மாட்டா. நான் போயிருப்பேன், அவ திரும்பி வந்திருப்பா. அந்தத் துணியைக் கழட்டு. கத்தரிக்கு வேற எதையாவது எழுதிக் குடு."

"அப்புறம் நீ?"

"எனக்கென்ன? இந்தக் கட்டில்ல உங்கம்மா உக்காந்திருப்பா. துணி இவ்வளவு நல்லா மடிக்கத் தெரியாது, அவ்வளவுதான்."

வேலையில் ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்தி மாற்றிக்கொள்கிற மாதிரி சொன்னாள். இத்தனை வருஷமும் இதை மனசில் வைத்துக்கொண்டா எனக்குச் சோறு ஊட்டினாள் என்று நினைத்தேன். என்னால் அவளுக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. "சரி சித்தி" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

எழுந்து என் அறைக்குப் போனேன். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டே போனேன். மேசைப் பக்கம் போகவில்லை, அலமாரிக்கு முன்னால் நின்றேன். குர்தாவை இரண்டு கையாலும் பிடித்துத் தலைவழியாக இழுத்தேன். அவசரத்தில் கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தேன். பிளாஸ்திரி சுற்றிய காம்பில் துணி மாட்டிக்கொண்டது. முகத்தின் மேல் பச்சையாக ஒரு இருட்டு விழுந்தது. அந்த இருட்டுக்குள் பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. புதுத் துணியின் வாசனை இல்லை அது.

துணியைக் கீழே இழுத்து முகத்தை விடுவித்தேன். எதிரே அலமாரி இல்லை. வெளிர்நீல ஓடுகள் இருந்தன. பெயர்ந்த ஓடு அதே இடத்தில், ஆனால் உடைசல் புதிதாக, தரையில் அதன் துண்டுகளோடு. என் தலைக்கு மேல் கொக்கிகள். முதுகுக்குப் பின்னால் நிறையப் பேர் மூச்சு விடும் சத்தம்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் செய்ய வேண்டாம். திரும்பாமல் இருந்தால் போதும். முதுகில் சுழி கிடையாது. முதுகை வைத்து எந்தத் தாயும் பிள்ளையை அடையாளம் காண முடியாது. இந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றால் எப்படியும் இது கலைந்துவிடும். வெளியே கட்டிலில் உட்கார்ந்திருப்பது வேறு ஒருத்தியாக இருப்பாள். சித்தி கேட்டது அதைத்தான். நான் சரி என்று சொல்லியும் இருந்தேன்.

அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. "தண்ணி வேணாம்டி."

ஜலதோஷம் பிடித்தால் என் குரல் அப்படித்தான் இருக்கும்.

சித்தியைக் காப்பாற்றத்தான் திரும்பினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் எனக்குச் சித்தியின் நினைவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. திரும்பிவிட்டேன்.

சின்னப் பெண். என்னை விட எவ்வளவோ சின்னவள், நான் தூக்கி வளர்த்திருக்கலாம் போல. உதடு வெடித்திருந்தது. நேர் வகிடு. நெற்றியில் என் சுழி இல்லை, மற்றதெல்லாம் என்னுடையது. அவள் தலையை மடியில் வைத்திருந்த இன்னொரு சின்னப் பெண் என்னைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். சித்தி சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல், "நெத்திச் சுழியைப் பாருடி, என் பிள்ளை" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக என்னை யாரும் பார்த்ததில்லை.

பிறகு அவள் கண் மேலே போய் என் வகிட்டில் நின்றது.

"அது சித்தி கை இல்லம்மா!" என்று கத்தினேன். "சுழிம்மா, வெறும் சுழி! அதை வச்சு எதையும் நினைச்சுக்காத! நாளைக்கு எந்திரிக்காதம்மா!" தொண்டை கிழியக் கத்தியும் என் காதுக்கே ஒன்றும் கேட்கவில்லை. தடுமாறிக் கொக்கியைப் பிடிக்கப் போனேன். கை அதைக் கடந்து போனது. தொட முடியாது, குரல் கேட்காது. வாத்தியாருக்குப் பயந்து நானே போட்ட விதி. பார்க்க முடியாது என்று ஒரு வரி சேர்க்கத்தான் மறந்துபோனேன்.

அம்மா என் வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்தாள். தலையை ஆட்டினாள், எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி.

அலமாரிக் கதவில் நெற்றி இடித்தது. என் அறை. மதியம் இன்னும் முடியவில்லை. வாசலில் சித்தி நின்றுகொண்டிருந்தாள், கையில் மடித்த நீல நிறக் குர்தா. நான் மாற்றிக்கொள்ள எடுத்து வந்திருக்கிறாள். சித்திதான் நின்றாள், வேறு யாரும் இல்லை. அவளும் அதைத் தெரிந்துகொண்டுதான் நின்றாள். தன் கையைத் தானே ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"திரும்பிட்டியா?"

"திரும்பிட்டேன் சித்தி."

"ஏன் பாப்பா?"

"அம்மாவைப் பாக்கணும்னு இருந்துச்சு."

அவள் நீலக் குர்தாவை என் மேசை மேல் வைத்தாள். என் கிட்டே வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி என் காதில் மாட்டிவிட்டாள். பிறகு ஒற்றை விரலால் என் வகிட்டை நேராக்கினாள். முடி கொஞ்ச நேரம் நின்று, பழையபடி கோணிக்கொண்டது.